மாணவருக்கு மென்டர் தேடித் தரும் செயலி: முதல் யோசனையிலிருந்து வெளியீடு வரை முழுமையான வழிகாட்டி

சென்னையில் மென்டர், அதாவது மாணவருக்குத் தன் அனுபவத்தை வைத்து வழிகாட்டுபவர், ஆகக்கூடியவர்களுக்குப் பஞ்சமில்லை. தரமணியில் 2000-இல் டைடல் பார்க் வந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் அலுவலகங்கள்தான். அம்பத்தூரிலும் கிண்டியிலும் தொழிற்பேட்டைகள், பாரிமுனையில் வக்கீல்கள், ஊர் முழுக்க ஆடிட்டர்கள், வங்கி அதிகாரிகள். மாணவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் வியாசர்பாடியில் பி.காம். படிக்கும் ஒரு பெண், ஆடிட்டர் ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் யாரைக் கேட்பார்? வீட்டில் யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. தெருவிலும் அப்படி ஒருவர் இல்லை. "சரி, இதுக்கு ஒரு ஆப் போட்டுடலாமே" என்று நம்மில் பலருக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

தோன்றியவுடன் எல்லோரும் மேட்சிங் கணக்கில்தான் போய் விழுகிறார்கள். எந்த மாணவருக்கு எந்த மென்டர் என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. உண்மையில் இந்தச் செயலியில் மிக எளிதான பகுதி அதுதான். இணைத்த பிறகு முதல் பேச்சு நடக்க வேண்டும். அதைவிட முக்கியம், மூன்றாவது பேச்சு நடக்க வேண்டும். இதற்குக் குறுக்கே நிற்பவை இரண்டு: மென்டரிடம் நேரம் கிடையாது, மாணவருக்குக் கேட்கத் தயக்கம். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டை மனதில் வைத்தே முடிவு எடுத்திருக்கிறேன்.

படி 1: யாருக்கு என்பதைச் சுருக்குங்கள்

"எல்லா மாணவர்களுக்கும், எல்லாத் துறைகளிலும்" என்று தொடங்கினால் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள். நூறு மாணவர்கள் இருபது துறைகள் கேட்பார்கள். உங்களிடம் இருக்கும் பதினைந்து மென்டர்களில் பன்னிரண்டு பேர் மென்பொருள்காரர்களாக இருப்பார்கள்.

ஒரு சிறு வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். உதாரணத்துக்கு: வடசென்னையில் அரசு கலைக் கல்லூரிகளில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும், குடும்பத்தின் முதல் பட்டதாரிகள், துறைகள் கணக்கு, வங்கி, மென்பொருள் சோதனை என்று மூன்று மட்டும். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி இரண்டிலும் ஆளுக்கு ஒரு பேராசிரியர் ஒத்துழைத்தால் போதும், முதல் சுற்றுக்கு ஆள் கிடைத்துவிடும். முதல் பட்டதாரி என்பதைத் தனியாக விளக்க வேண்டியதுமில்லை. தமிழ்நாட்டில் கட்டணச் சலுகைக்காக அந்தச் சான்றிதழ் வாங்கிய குடும்பங்களுக்கு அது பழகிய பேச்சு.

அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்சிலிருந்து நடக்கிறது. திறன் பயிற்சி அதில் கிடைக்கிறது. அதையே நீங்களும் திரும்பச் செய்ய வேண்டாம். எக்செல் சொல்லித்தர ஆள் இருக்கிறார். "எக்செல் தெரிஞ்சா எந்த வேலைக்குப் போகலாம், அங்கே சம்பளம் எப்படி, ரெண்டு அரியர் இருந்தா எடுப்பாங்களா" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த இடைவெளிதான் உங்களுக்கான இடம்.

படி 2: ஒரு வரி நிரல்கூட எழுதாமல் ஒரு சுற்று நடத்துங்கள்

ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு ஷீட், ஒரு வாட்ஸ்அப் எண். இருபது மாணவர்கள், பத்துப் பன்னிரண்டு மென்டர்கள். மேட்சிங்கை நீங்களே உட்கார்ந்து கையால் செய்யுங்கள். நினைவூட்டலையும் கையாலேயே அனுப்புங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் செயலியில் எதை எழுத வேண்டும் என்பது அந்த அலுப்பில்தான் தெரியும். எந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்கிறீர்களோ அதைத் தானியங்கி ஆக்குங்கள். ஷீட்டில் எந்த நெடுவரிசையை நீங்கள் பார்க்கவே இல்லையோ அதைப் படிவத்திலிருந்து தூக்குங்கள்.

இந்தச் சுற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பேச்சு எந்த இடத்தில் நின்றுபோகிறது? மாணவர் செய்தியே அனுப்பவில்லையா, அனுப்பியதற்கு மென்டர் பதில் போடவில்லையா, நேரம் குறித்த பிறகு ஒருவர் வரவில்லையா, முதல் பேச்சு நடந்து இரண்டாவது நடக்கவில்லையா? இந்த நான்கில் எது அதிகமோ, முதல் பதிப்பு அதைத் தீர்க்கட்டும்.

படி 3: படிவத்தில் என்ன கேட்பது, எதைக் கேட்கவே கூடாது

முதலில் பெயர். வெளிநாட்டு வார்ப்புருவை அப்படியே எடுத்தால் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகள் கட்டாயமாக வரும். நம் பிள்ளைகள் இரண்டாவதில் என்ன எழுதுவார்கள்? சிலர் இனிஷியல், சிலர் அப்பா பெயர், சிலர் ஒரு புள்ளி. ஒரே பெட்டி போடுங்கள். "சான்றிதழில் உள்ளபடி பெயர்" என்று தலைப்பிடுங்கள். "உங்களை எப்படிக் கூப்பிடலாம்?" என்று இன்னொன்று இருந்தால் நல்லது.

சாதி கேட்காதீர்கள். அது உங்களுக்கே தெரியும், நான் சொல்லவே வேண்டாம். ஆனால் சுற்றி வளைத்துக் கேட்கும் பெட்டிகளும் உண்டு. சொந்த ஊர், தெருப் பெயர், அப்பாவின் தொழில் இவையெல்லாம் மென்டர் பார்க்கும் பக்கத்தில் வர வேண்டிய அவசியமே இல்லை. "நமக்கு எந்த ஊர் தம்பி?" என்ற கேள்வி எதற்காக வருகிறது என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். மென்டர் பயிற்சியிலேயே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மதிப்பெண்ணையும் மென்டருக்குக் காட்ட வேண்டாம். காட்டினால் நல்ல மதிப்பெண் உள்ளவர்களை மட்டும் பொறுக்குவார்கள். உதவி அதிகம் தேவைப்படுபவர் கடைசியில் நிற்பார்.

மாணவரிடம் "உங்கள் இலக்கு என்ன?" என்று காலிப் பெட்டி வைத்துக் கேட்டால் "நல்ல வேலை" என்று எழுதிவிட்டுப் போவார். அவருக்கு அதற்குமேல் தெரியாது. தெரிந்திருந்தால் மென்டர் எதற்கு? அதற்குப் பதிலாக வாக்கியங்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்:

"எந்தத் துறைக்குப் போவது என்றே தெரியவில்லை."
"துறை தெரியும், எப்படி உள்ளே நுழைவது என்று தெரியவில்லை."
"ரெஸ்யூமில் போட எதுவும் இல்லை என்று தோன்றுகிறது."
"வீட்டில் பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்கிறார்கள், எனக்கு வேறு விருப்பம்."
"இன்டர்வியூவில் இங்கிலீஷ் பேச பயமாக இருக்கிறது."

இரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். மேட்சிங்குக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறு கிடையாது.

அடுத்து நேரம். பல அரசுக் கல்லூரிகளில் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்ட். வகுப்பு இல்லாத நேரத்தில் கடையிலோ டெலிவரியிலோ வேலை பார்க்கும் மாணவர்கள் நிறைய. மென்டர் பக்கம் அமெரிக்க வாடிக்கையாளர் உள்ள நிறுவனமென்றால் மாலை ஆறரைக்கு மேல் வரிசையாகக் கால் இருக்கும். எனவே "வார நாள் மாலை" என்ற பெட்டியை வைத்துக்கொண்டு இருவரையும் சேர்க்க முடியாது. வாரத்தை ஒரு மணி நேரக் கட்டங்களாகப் போட்டு, இருவரையும் தொட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். சனி காலைதான் பெரும்பாலும் ஒத்துவரும்.

மென்டரிடம் கேட்க வேண்டியவை இன்னும் குறைவு: என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்த மொழியில் இயல்பாகப் பேசுவார், மேலே உள்ள வாக்கியங்களில் எவற்றுக்கு அவரால் உதவ முடியும், மாதத்துக்கு எத்தனை மணி நேரம். "தமிழ் மீடியத்தில் படித்தீர்களா, குடும்பத்தில் முதல் பட்டதாரியா?" என்பதை விருப்பக் கேள்வியாக வையுங்கள். ஆம் என்பவர்கள் பெருமையோடு சொல்வார்கள், மாணவருக்கும் அது பெரிய தைரியம்.

படி 4: மேட்சிங்

மூன்று அடுக்காகச் செய்யுங்கள்: முதலில் வடிகட்டல், பிறகு பொருத்தத்துக்கான மதிப்பெண் (தேர்வு மதிப்பெண் அல்ல), கடைசியில் ஒதுக்கீடு.

வடிகட்டலில் விட்டுக்கொடுக்க முடியாதவை மட்டும். இருவருக்கும் பொதுவாக ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். பேசும் மொழி ஒத்துப்போக வேண்டும். மாணவி பெண் மென்டர் வேண்டும் என்றால் அது விருப்பமாகக் கருதப்படாமல் நிபந்தனையாகவே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். மென்டரின் இடம் நிரம்பியிருந்தால் அவர் பட்டியலிலேயே வரக்கூடாது.

மதிப்பெண்ணுக்கு நான் தொடங்கச் சொல்வது இப்படி: தேவை வாக்கியம் ஒத்துப்போனால் 40, துறை ஒத்துப்போனால் 30, பின்னணி ஒத்துப்போனால் 20, பொது நேரம் இரண்டு மூன்று கட்டங்கள் இருந்தால் 10. துறையைவிடத் தேவைக்கு ஏன் அதிகம்? இன்டர்வியூ பயம் உள்ள பி.காம். மாணவருக்கு, அந்தப் பயத்தைத் தாண்டிவந்த ஒரு மென்பொருள்காரர், பொறுமை இல்லாத ஆடிட்டரைவிட நன்றாக உதவுவார். பெரிய கம்பெனிப் பெயருக்கு மதிப்பெண் 0. மாணவர்களிடம் முழுப் பட்டியலையும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லோரும் அந்த நான்கு பெயர்களைத்தான் அழுத்துவார்கள். எனவே மதிப்பெண்ணில் மேலே வரும் ஐந்து மென்டர்களை மட்டும், கம்பெனிப் பெயரைச் சிறிதாகவும் அவர் எதற்கு உதவுவார் என்பதைப் பெரிதாகவும் போட்டுக் காட்டி, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

இப்போது ஒதுக்கீடு. முந்துபவருக்கு முதலிடம் என்று வைத்தால் வேகமான போனும் நல்ல நெட்டும் உள்ளவருக்கு நல்ல மென்டர் கிடைப்பார். இதற்கு அழகான தீர்வு ஒன்று 1962-லேயே வந்துவிட்டது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் சொன்னது. அமெரிக்காவில் மருத்துவப் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்படுவது இதே வகை முறையில்தான். இந்தத் துறைப் பணிக்காக 2012-இல் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம்மூரில் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான கூட்டு ஒதுக்கீட்டின் அடிப்படையும் இதே யோசனைதான்.

நடைமுறையைச் சின்ன உதாரணத்தில் பார்ப்போம். வண்ணாரப்பேட்டை மாணவி, ஆவடி மாணவர், குரோம்பேட்டை மாணவி என்று மூவர். ஆடிட்டர், வங்கி அதிகாரி, சாஃப்ட்வேர் டெஸ்டர் என்று மூன்று மென்டர்கள், ஆளுக்கு ஓர் இடம். வண்ணாரப்பேட்டைக்கும் ஆவடிக்கும் முதல் விருப்பம் ஆடிட்டர். குரோம்பேட்டைக்கு முதல் விருப்பம் வங்கி அதிகாரி. ஆடிட்டரிடம் இருவர் வந்து நிற்க, பொருத்த மதிப்பெண் அதிகம் உள்ள ஆவடி மாணவரை அவர் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறார். வண்ணாரப்பேட்டை மாணவி தன் இரண்டாவது விருப்பமான வங்கி அதிகாரியிடம் போகிறார். அங்கே ஏற்கெனவே குரோம்பேட்டை மாணவி இருக்கிறார். ஆனால் வண்ணாரப்பேட்டையின் மதிப்பெண் அதிகம். எனவே குரோம்பேட்டை நகர்ந்து, தன் இரண்டாவது விருப்பமான டெஸ்டரிடம் போகிறார். இனி நகர யாரும் இல்லை. இப்போதுதான் எல்லாம் உறுதியாகிறது. கடைசி வரை யாருடைய இடமும் முடிவானதல்ல என்பதுதான் இதன் சூட்சுமம். முடிவில், "எங்களை இப்படிச் சேர்த்திருந்தால் ரெண்டு பேருக்குமே இதைவிட நல்லா இருந்திருக்கும்" என்று சொல்ல ஒரு ஜோடிகூட மிஞ்சாது.

இதில் இரண்டு விஷயங்கள் உங்கள் வடிவமைப்பைப் பாதிக்கும். ஒன்று, யார் கேட்டுப் போகிறார்களோ அவர்களுக்கே இந்த முறை சாதகம். அதனால் மாணவர்களே கேட்பவர்களாக இருக்கட்டும். இரண்டு, மென்டர்கள் குறைவாக இருந்து சிலர் விடுபட்டால், அதே விருப்பப் பட்டியல்களை வைத்து வேறு எப்படி நிலையான ஒதுக்கீடு (அப்படி ஒரு ஜோடியும் மிஞ்சாதது) செய்தாலும் விடுபடுவது அதே ஆட்கள்தான். இது நிரூபிக்கப்பட்ட தேற்றம். ஆகவே கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. இன்னும் நான்கு மென்டர்களைத் தேடுங்கள், அல்லது விடுபட்டவர்களின் பட்டியலை நீட்டச் சொல்லுங்கள், அதுவரை அவர்களுக்கு ஒரு குழுச் சந்திப்பு வையுங்கள். "காத்திருக்கவும்" என்று ஒரு திரையைக் காட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள்.

முடிவை வெளியிடுவதற்கு முன் ஒரு மனிதர் ஷீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. ஒரே வீட்டு அண்ணன் தங்கை, ஒரே அலுவலகத்தில் சண்டை போட்ட இருவர் போன்றவை கணக்குக்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவு வைத்து மேட்சிங் செய்யலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கற்றுக்கொள்ள உங்களிடம் பழைய தரவே கிடையாது. அதனால் இப்போதைக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

படி 5: முதல் பேச்சை நடத்திக் காட்டுவது

இணைப்பு ஏற்பட்டவுடன் "வாழ்த்துகள், உங்கள் மென்டருக்குச் செய்தி அனுப்புங்கள்" என்று சொன்னால், பாதிப் பேர் அந்தத் திரையிலேயே நின்றுவிடுவார்கள். "சார் பிஸியா இருப்பார்", "என்னன்னு ஆரம்பிக்கிறது", "தப்பா நினைச்சுப்பாரோ" என்ற மூன்றும் மண்டைக்குள் ஓடும். அதனால் முதல் அடியை மாணவர் தலையில் வைக்காதீர்கள். இணைப்பு உறுதியாகும்போதே இருவரின் பொது நேரத்திலிருந்து செயலியே ஒரு சந்திப்பைக் குறித்துவிடட்டும்: "சனிக்கிழமை காலை 10 மணி. வேறு நேரம் வேண்டுமா?" இல்லை என்றால் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே சந்திப்பு நடக்கும்படி அமைப்பதுதான் இந்தச் செயலியில் நீங்கள் எடுக்கப்போகும் மிகப் பெரிய முடிவு.

பிறகு முதல் செய்தியை மென்டர் அனுப்பட்டும். அவருக்கும் ஒரு மாதிரியைக் கொடுங்கள்: "வணக்கம், சனிக்கிழமை பேசுவோம். எதையும் தயார் செய்துகொண்டு வர வேண்டாம். ரெஸ்யூம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை." கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் ரெஸ்யூம் தயாரிக்கிறேன் என்று மாணவர் மூன்று வாரம் காணாமல் போவார். எப்படிக் கூப்பிடுவது என்பதையும் மென்டர் தன் பக்கத்திலேயே தேர்ந்தெடுத்து வைக்கட்டும்: சார், மேடம், அண்ணா, அக்கா. சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் அந்த ஒரு சொல் முடிவாகாமல் செய்தி எழுத முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

45 நிமிடப் பேச்சுக்கு ஒரு சிறு அட்டை இருவர் திரையிலும் இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் மென்டர் தன் வேலையைப் பற்றிச் சொல்வார். ஆனால் வாழ்க்கை வரலாறாக வேண்டாம். "உங்க ஆபீஸ்ல ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்?" என்ற கேள்விக்குப் பதிலாக. அடுத்த இருபத்தைந்து நிமிடம் மாணவர் முன்பே தேர்ந்தெடுத்த இரண்டு வாக்கியங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் அடுத்த சந்திப்புக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரே ஒரு சின்ன வேலையையும் அடுத்த தேதியையும் முடிவு செய்ய வேண்டும். மென்டர்கள் அறிவுரையில் இறங்கிவிடுவார்கள். "எங்க காலத்துல" என்று தொடங்கினால் நாற்பது நிமிடம் போய்விடும். அட்டை இருந்தால் கொஞ்சம் கட்டுப்படும்.

வராமல் போவதற்கும் ஒரு வழி வைக்க வேண்டும். முந்தைய நாளும், ஒரு மணி நேரம் முன்பும் நினைவூட்டல். அதிலேயே "இன்னைக்கு முடியல" என்று ஒரு பொத்தான். காரணம் கேட்கக்கூடாது. அழுத்தினால் அடுத்த பொது நேரத்துக்குச் சந்திப்பு தானே நகர வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு சந்திப்பைத் தவறவிட்ட மாணவர் பெரும்பாலும் கூச்சத்தில் அப்படியே மறைந்துவிடுவார். மென்டரோ "அவருக்கு ஆர்வம் இல்லை போல" என்று எடுத்துக்கொள்வார். இருவர் மீதும் தப்பில்லை, ஆனால் இணைப்பு அங்கேயே செத்துவிடும். பத்து நாள் பேச்சில்லாமல் போனால் ஒருங்கிணைப்பாளர் திரையில் அந்த ஜோடியின் பெயர் சிவப்பாக வரட்டும். அவர் ஒரு போன் போட்டால் போதும்.

இன்னொன்று: வேலை வாங்கித் தருவது மென்டரின் பொறுப்பில்லை என்பதை இருவருக்கும் முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ரெஃபரல் கிடைக்குமோ என்று மாணவர் காத்திருப்பார், கேட்டுவிடுவாரோ என்று மென்டர் விலகுவார். பணம் கொடுக்கல் வாங்கலுக்கும் இதே விதி.

படி 6: பாதுகாப்பும் சட்டமும்

முதல் பதிப்பில் 18 வயது நிரம்பியவர்களை மட்டும் சேருங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் குழந்தை. அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. கவனிக்க வேண்டிய இடம்: கல்லூரி முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான் இருக்கும். அதனால்தான் இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்கச் சொன்னேன். பிறந்த தேதியை முதல் திரையிலேயே கேளுங்கள். ஒப்புதல் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வசதி கொடுப்பது அதே சட்டம் கேட்பது; அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் கேட்டுப் பெறும் உரிமை பயனருக்கு உண்டு.

பின்னால் பள்ளி மாணவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். செயலி நடத்துபவருக்கும் இது பொருந்தும். அந்த நிலையில் தனிப்பட்ட அரட்டை வேண்டவே வேண்டாம், பள்ளி ஆசிரியர் ஒருவர் உடனிருக்கும் குழுச் சந்திப்பு மட்டும் போதும்.

மென்டரைச் சரிபார்க்க அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு ஓடிபி, லிங்க்ட்இன் பக்கம், அப்புறம் ஒரு பதினைந்து நிமிட வீடியோ பேச்சு. மூன்றாவதுதான் முக்கியம், ஏன் மென்டர் ஆக விரும்புகிறீர்கள் என்று கேட்டால் ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். மாணவருக்குக் கல்லூரி அடையாள அட்டையோ பேராசிரியரின் உறுதிமொழியோ போதும். ஆதார் நகல் வாங்கி வைக்காதீர்கள், அது பின்னால் உங்களுக்கே தலைவலி.

போன் எண் தொடக்கத்தில் மறைந்திருக்கட்டும். பெரியவர்கள் பிறகு வாட்ஸ்அப்புக்கு மாறத்தான் போகிறார்கள், அதைத் தடுக்க முடியாது; ஆனால் எண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மாணவரே தீர்மானிக்கட்டும். நேரில் சந்திப்பதென்றால் பொது இடம் மட்டும்: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், கல்லூரி வளாகம், அலுவலக வரவேற்பறை. வீடியோவில் கேமரா அணைந்த நிலையில் தொடங்கட்டும். ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டைக் காட்ட யாருக்கும் விருப்பம் இருக்காது. எல்லாத் திரையிலும் ஒரே இடத்தில் "புகார்" பொத்தான். அதை அழுத்தினால் மென்டருக்குத் தெரியாமல் இணைப்பு நிறுத்தி வைக்கப்பட வேண்டும், ஒரு பெண் ஒருங்கிணைப்பாளர் அன்றே போன் செய்ய வேண்டும். மன அழுத்தம் பற்றி மாணவர் பேசினால் என்ன செய்வது என்று மென்டருக்கு முன்பே தெரிய வேண்டும்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அட்டையிலேயே இருக்கட்டும்.

படி 7: திரைகளும் தொழில்நுட்பமும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். முதலில் மொபைல் உலாவியில் திறக்கும் வலைச்செயலி, தேவைப்பட்டால் பிறகு பிளட்டர் என்ற கருவியில் ஆண்ட்ராய்டு செயலி. தரவைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். வீடியோவை நீங்கள் கட்டாதீர்கள். கூகுள் மீட் இணைப்போ, திறமூலமான ஜிட்சியோ போதும். அட்டவணைகள் ஆறேழுதான் வரும்: பயனர், மாணவர், மென்டர், நேரக் கட்டம், இணைப்பு, சந்திப்பு, புகார். இணைப்புக்கு நிலைகள் தெளிவாக இருக்கட்டும்: பரிந்துரை, ஏற்பு, நடப்பு, நிறுத்தம், நிறைவு. எப்போது எந்த நிலைக்கு மாறியது என்ற நேரத்தையும் சேமியுங்கள். பின்னால் அளக்க அதுதான் வேண்டும். நேரத்தை எல்லாம் உலகப் பொது நேரத்தில் சேமித்து, திரையில் மட்டும் அவரவர் ஊர் நேரமாகக் காட்டுங்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் முன்னாள் மாணவர் மென்டராக வருவார். அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள்.

தமிழில் திரை அமைப்பதென்றால் முதலில் தமிழ் எழுத்தைப் போட்டே வரையுங்கள். ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுப் பிறகு மொழிமாற்றினால் பொத்தான்களில் பாதிச் சொல் வெட்டுப்படும். மேலே வரும் புள்ளியும் கீழே வரும் உகரக் குறியும் வரி இடைவெளியில் முட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், சிறிய அளவிலும் படிக்க முடிகிறது.

எஸ்எம்எஸ் அனுப்புவதில் ஒரு செலவுப் பொறி உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறியீடுகள்தான். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால் "சந்திப்பு" என்ற ஐந்தெழுத்துச் சொல் ஒன்பதாகக் கணக்காகும். நினைவூட்டலை ஒரு வரிக்குள் அடக்குங்கள், இல்லையேல் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று செய்திகளாகிக் கட்டணம் ஏறும். வணிக எஸ்எம்எஸ்சுக்கு அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்புருவையும் டிஎல்டி (தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத்தளம்) தளத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும். கடைசி வாரத்துக்கு இதை விட்டுவைக்காதீர்கள்.

படி 8: அளவிடுவது

நட்சத்திர மதிப்பீடு இங்கே உதவாது. எந்த மாணவரும் "சாருக்கு" மூன்று நட்சத்திரம் போட மாட்டார். எல்லோருக்கும் ஐந்துதான் விழும். அதற்குப் பதில், மென்டருக்குத் தெரியாமல் இரண்டு கேள்விகள் போதும்: "இவரோடு இன்னொரு முறை பேச விருப்பமா?", "இந்தப் பேச்சுக்கு அப்புறம் நீங்கள் செய்யப்போகும் ஒரு விஷயம் என்ன?" முதல் கேள்விக்கு "பார்க்கலாம்" என்ற பதில் வந்தால் அதை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புள்ளிவிவரப் பலகையில் (டாஷ்போர்டு) பதிவிறக்க எண்ணிக்கையைப் பெரிதாகப் போடாதீர்கள். இணைப்பு ஏற்பட்ட பத்து நாளுக்குள் முதல் சந்திப்பு நடந்தவர்கள் எத்தனை சதவீதம், மூன்றாவது சந்திப்பை எட்டியவர்கள் எத்தனை சதவீதம்: இந்த இரண்டும் போதும்.

படி 9: காலண்டரும் வெளியீடும்

ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த வேலைக்கு நேரடியாகப் பொருந்தும். தன்னார்வ வழிகாட்டிகளோடு ஓராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்த பிள்ளைகளிடம்தான் அதிக முன்னேற்றம் தெரிந்தது. மிகச் சீக்கிரம், சில மாதங்களுக்குள், முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் சுயமதிப்பு குறையக்கூடச் செய்தது. அது கல்லூரி மாணவர்களைவிட இளையவர்களைப் பற்றிய ஆய்வு. ஆனால் பாதியில் விட்டுப் போவது சும்மா இருப்பதைவிட மோசமாகலாம் என்ற எச்சரிக்கை நமக்கும்தான். இரண்டு மாணவர்களுக்கு மேல் எந்த மென்டருக்கும் கொடுக்காதீர்கள். ஐந்து எடுத்துக்கொள்கிறேன் என்று உற்சாகமாகச் சொல்பவருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒரு சுற்றைப் பருவத்தோடு பொருத்துங்கள். கல்லூரி திறந்து சூடு பிடித்த ஜூலை கடைசியில் தொடங்கினால் அக்டோபர் கடைசிக்குள் ஆறு சந்திப்புகள் வரும். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். பொங்கல் முடிந்ததும் அதே ஜோடிகள் இரண்டாம் சுற்றுக்குத் தொடரலாம். தொடர "ஆம்" என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னால் போதும். ஒருவர் "வேண்டாம்" என்றால் மற்றவருக்கு "இந்தச் சுற்று நிறைவடைந்தது" என்று மட்டும் செய்தி போகட்டும்.

மென்டர்களைத் தேட முன்னாள் மாணவர் சங்கங்களும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுகளும் நல்ல தொடக்கம். ஆனால் மொத்தமாக ஐம்பது பேரை அனுப்புகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். மேலதிகாரி சொன்னதற்காக வருபவர் இரண்டாவது சந்திப்புக்கு வரமாட்டார். தானாக வரும் பத்துப் பேர் மேல்.

பிளே ஸ்டோர் கணக்கைப் பொறுத்தவரை, ஒரு முறைக் கட்டணம் 25 டாலர். தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கினால், வெளியிடுவதற்கு முன் குறைந்தது 12 பேர் 14 நாட்கள் தொடர்ந்து மூடிய சோதனையில் (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்ப்பது) இருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரில் உங்கள் நண்பர்கள் யாரும் வேண்டாம். ஆறு மாணவர்கள், ஆறு மென்டர்கள் என்று உண்மையான ஜோடிகளையே சேருங்கள். பதினான்கு நாளில் அவர்களுக்குள் ஒரு சந்திப்பாவது தானாக நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லையென்றால் வெளியீட்டைத் தள்ளிவைத்து, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.